சரோஜாவின் வலது கன்னம்

ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் வந்தேன், ஐயா. நேற்றைய பேப்பரில், ‘தீராத வயிற்றுவலி: செங்கல்பட்டுப் பெண் ஏரியில் குதித்துத் தற்கொலை’ என்று போட்டிருக்கிறார்கள். உங்கள் ஸ்டேஷன் கொடுத்த தகவல் என்று சொன்னார்கள். என் மனைவிக்கு வயிற்றில் ஒரு குறையும் கிடையாது. வலி அவளுக்கு வலது கன்னத்தில். பெண்பிள்ளை செத்தால் வயிற்றுவலி என்று எழுதுவது உங்களுக்குக் கைப்பழக்கமாக இருக்கலாம். ஆனால் தவறு தவறுதான். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக நான் தர ஆய்வாளர். பிசகான சரக்கு ஒன்றுகூட என் கையெழுத்தோடு வெளியே போனதில்லை.

என் பெயர் கோபாலகிருஷ்ணன். இறந்தவள் சரோஜா. உட்கார்ந்தே சொல்கிறேன், கொஞ்சம் நேரம் ஆகும்.

தொண்ணூற்று நான்கு தை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மின்சாரக் கம்பியைக் கன்னத்தில் வைத்து எடுத்ததுபோல் இருந்தது என்றாள். சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடிகள் ஒரு நாளில் ஐம்பது தடவை வந்தன. மின்விசிறிக் காற்று பட்டால் வரும். சோற்றை மென்றால் வரும். மூக்குத்தியைக் கழற்றி வைத்தாள். முகம் கழுவுவதை நிறுத்தினாள். கஞ்சியை இடது ஓரமாக உறிஞ்சிக் குடித்தாள்.

முதலில் பல் டாக்டரிடம் போனோம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, பஞ்சில் சுற்றி எங்களிடமே கொடுத்தார். இரண்டும் முத்துப்போல இருந்தன. வலியும் அப்படியே இருந்தது.

பிறகு செங்கல்பட்டிலேயே ஒரு நரம்பு டாக்டர். முகத்துக்கு வருகிற நரம்பை ஒரு ரத்தக்குழாய் உரசுகிறது என்று படம் போட்டு விளக்கினார். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதான் இதற்கும் கேட்கும், கொஞ்ச நாள் தலைசுற்றும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார். நான்காம் நாளே வலி பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் சரோஜா குளியலறையில் தலைசுற்றி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். பார்க்க வந்த பெண்கள், மாத்திரையால் கெட்டுப்போன கிட்னி என்று ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். அவர்கள் போனதும் மாத்திரைகளை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்கிற ஒரு பொருளைத் தூக்கி எறிவதை என்னால் பார்க்க முடியாது.

அதற்குப் பிறகு அவள் போகாத இடமில்லை. ஒரு வீட்டில் அக்கி என்று சொல்லிக் காவியில் கன்னத்தில் சிங்கம் எழுதி அனுப்பினார்கள். சிங்கம் ஒரு வாரம் கன்னத்தில் இருந்தது. வலி அதைக் கண்டு பயந்ததாகத் தெரியவில்லை. ஒருவர் உள்ளங்காலில் ஊசி குத்தினார். இன்னொருவர் புளியை நிறுத்தச் சொன்னார். கடைசியாக, தொண்ணூற்றேழு ஜனவரியில், மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில் சவுக்குத்தோப்புக்குள் இயற்கை மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாயிரத்திடம் போய்ச் சேர்ந்தோம்.

கண்ணாயிரம் அதற்கு முன்னால் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். தோப்புக்கு வந்ததும் வெள்ளை வேட்டிக்கு மாறிவிட்டார். மூக்கால் மூச்சு விடுவது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ள வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். சரோஜாவின் கன்னத்தை அவர் தொடக்கூட இல்லை.

“இது நோவே இல்லம்மா. உடம்புல கீற வெசம் வெளிய போவ வழி தேடிகினு கீது. அந்த மாத்திரய நிறுத்துன பாரு, அப்பவே பாதி கொணமாயிட்ட” என்றார்.

மூன்று வருடத்தில் அவளைப் பாராட்டிய முதல் வைத்தியர் அவர்தான். ஒரு பொட்டலம் பச்சைப்பொடி கொடுத்தார். காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். பொடி கசந்தது, பச்சையாக இருந்தது. அதைப் பற்றி வேறு எதுவும் சொல்வதற்கில்லை. பத்து நாள் சாப்பிட்டும் வலி இம்மி நகரவில்லை. அவள் மட்டும் நம்பிக்கையோடு இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நரம்பு டாக்டரிடம் போய், அவள் மறுபடியும் மாத்திரை சாப்பிடச் சம்மதித்துவிட்டாள் என்று சொன்னேன். இந்தத் தடவை கால்வாசியில் தொடங்கி வாரா வாரம் ஏற்றச் சொன்னார். ஏற்றுவதில் எவ்வளவு நிதானம் வேண்டுமோ, நிறுத்துவதிலும் அவ்வளவு வேண்டும். திடீரென்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். பொட்டலத்தைக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஆய்வு அறையில் மில்லிகிராம் வரை காட்டுகிற தராசு இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் மாத்திரையை நுணுக்கி, எடை போட்டு, பொடியில் கலந்து, வேளைக்கு ஒன்றாக மடித்துக் கொண்டுவந்தேன். அவள் கேட்டதற்கு, அளவு தவறக்கூடாது என்று சொன்னேன். அது பொய் இல்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தண்ணீர்த்தொட்டி அருகில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீரை வாரி வாரிக் கன்னத்தில் அடித்துக்கொண்டாள். அழுதாள், பிறகு சிரித்தாள். அன்று ராத்திரி வலது பக்கமாகவே முறுக்கைக் கடித்துத் தின்றாள். எனக்கும் கண் கலங்கியது, ஐயா. நான் கல் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் சவுக்குத்தோப்பு இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிலிருந்து ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தோப்பில் கூட்டம். சரோஜா எழுந்து நின்று பேசுவாள். பத்துப் பேர் முன்னால் வாய் திறக்காதவள், இருநூறு பேர் முன்னால் பேசினாள். ‘மூன்று வருட முகவலி மூன்றே வாரத்தில்’ என்று அவள் படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். கண்ணாயிரத்தின் படம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. நான் கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்து கேட்பேன். எழுந்து கை தட்டுவேன். அடுத்த நாள் கம்பெனிக்குப் போய் மாத்திரை நுணுக்குவேன்.

ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் தொழிலில், இந்த உருப்படி சரியில்லை என்று வாயால் சொன்னால் எடுபடாது. அளவுகோலை வைத்துக் காட்ட வேண்டும்.

போன மாதக் கடைசியில், மார்ச் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தோப்பில் ஆண்டு விழா என்றும், அதில் சரோஜாவுக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் சொல்லி அனுப்பினார்கள். செய்தி வந்த மறுநாள் காலை எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: “உங்க பேச்ச கேட்டுகினு அந்த மாத்திரயே துன்னுகினு இருந்தா நான் எப்பவோ போய்ச் சேந்துருப்பேன். அந்த மனுசன்தான் காப்பாத்துனாரு.” மனசில் வைத்துப் பேசவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமையிலிருந்து பொடியை அப்படியே கொடுத்தேன். எதுவும் கலக்கவில்லை. அவள் நம்பியது அவள் கைக்கே போனது. அதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதில் பொதுநலமும் இருந்தது. செய்யூர்ப் பக்கம் கருப்பன் என்று ஒரு கடலை விவசாயி. சரோஜாவின் பேச்சைக் கேட்டு, தன் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, வரப்பில் வலிப்பு வந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். அவரைப் போன்றவர்களுக்கு உண்மை தெரிய வேண்டாமா? இந்த விஷயம் எனக்கே சரோஜாவின் சாவு வீட்டில்தான் தெரியவந்தது. இருந்தாலும் காரணம் காரணம்தானே.

வெள்ளிக்கிழமை வலி திரும்பியது. ஒரு தாள் எடுத்து, எத்தனை தடவை வருகிறது என்று குறிக்கத் தொடங்கினேன். முதல் நாள் ஒன்பது. அடுத்த நாள் முப்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை எழுபதைத் தாண்டியது. அதன் பிறகு அவள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டதால் என் எண்ணிக்கையில் பிழை இருக்கலாம். இது முன்பு இருந்த வலி இல்லை, ஐயா. இடைவெளியே இல்லாமல் வந்தது. தண்ணீர் குடிக்கவும் பயந்தாள்.

கண்ணாயிரத்துக்கு ஆள் அனுப்பினாள். அவரே நேரில் வந்தார்.

“நோவு வூட்ட காலி பண்ணிகினு போவுதும்மா. போவசொல்ல கதவ ஒதைக்கத்தான் செய்யும். பொடிய ரெண்டு பங்கா துன்னு” என்றார்.

நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். பொடியை இரண்டு பங்காகக் கொடுத்தேன்.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் மகள் தமிழ்ச்செல்வி புதன்கிழமை வந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னா நைனா இப்டி உட்டுட்டு ஒக்காந்துகினு கீற? டாக்டராண்ட இட்னு போ நைனா” என்றாள். விழா முடியட்டும், கூட்டிப் போகிறேன் என்றேன். குழந்தைக்குப் பரீட்சை என்று சாயங்காலமே திரும்பிப் போய்விட்டாள். போகும்போது அம்மாவின் இடது கன்னத்தில்தான் முத்தம் கொடுத்தாள். விவரமான பெண்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம். சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கையால் கூப்பிட்டு, வாயை அதிகம் திறக்காமல் பேசினாள்.

“அந்த டாக்டரு மாத்திரயே வாங்கியாந்து குடுங்க. தல சுத்துனா சுத்திட்டுப் போவுது.”

ஒரு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. மாத்திரை அட்டை அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்துக் காட்டினேன். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். தராசு, எடை, கலந்த நாள், நிறுத்திய நாள், ஒன்றையும் விடவில்லை. அவள் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேவா நிறுத்துனீங்க?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் கை அட்டையை நோக்கி நீண்டது. நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன். “நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம. மேடையில ஏறி, கண்ணாயிரம் காதுல வுழறாப்ல, மாத்திரதான் காப்பாத்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. கீழ எறங்குனதும் உன் கையில குடுக்கறேன்” என்றேன். நியாயமாகத்தான் கேட்டேன். கண்ணாயிரத்துக்காக ஒரு வருடம் பேசியவள் எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. கன்னத்திலிருந்து கையைக்கூட எடுத்துவிட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நான் சட்டையைக் கழற்றாமல் படுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். பால் வாங்கப் போகிறாள் என்று நினைத்துத் தாளில் முந்தின நாள் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்குக் கொளவாய் ஏரிப் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். நல்லவள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவளிடம் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். இரண்டே நாள், ஐயா. பொறுத்துக்கொள்கிற குணம் மட்டும் அவளிடம் கடைசிவரை கிடையாது.