தபூக்கில் கருகிய பூ

மலர்கொடி: …இருங்க தம்பி, வந்துட்டா! ஒம்போது மாச வயித்தைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுப் படி ஏற வேணாமா? இந்தாடி ஃபஹ்மிதா, உன் வீட்டுக்காரர். சவுதியிலேர்ந்து.

ஃபஹ்மிதா: மச்சான்! வெள்ளிக்கிழமைதானே பேசுவீங்க? லீவு கெடைச்சுதா? பிரசவத்துக்கு வந்துடுவீங்கள்ல?

ஹஸ்ஸான்: லீவு கெடக்கட்டும் புள்ள… தோட்டத்துல பூவெல்லாம் கருகிப்போச்சு.

ஃபஹ்மிதா: எந்தப் பூ?

ஹஸ்ஸான்: ஆப்ரிகாட்டுப் பூதான். மரம் பூரா வெள்ளை வெளேர்னு நின்னுச்சு. முந்தாநேத்து ராத்திரி உறைபனி. விடிஞ்சு பாத்தா அத்தனையும் கறுப்பு.

மலர்கொடி: பங்குனியில பனியா? அதுவும் சவுதியில! யார் காதுல பூ சுத்துறீங்க தம்பி?

ஹஸ்ஸான்: அக்கா ஏன் ரிசீவர்ல காதை வச்சிருக்காங்க?

மலர்கொடி: எங்க வீட்டு போனு, என் காது. நீங்க சொல்லுங்க.

ஹஸ்ஸான்: எங்க தபூக்கு, சவுதியோட வடக்கு ஓரம்க்கா. குளிரு கொல்லும். குழாய்த் தண்ணியே கட்டியாப் போச்சு. நாங்களும் வைக்கோலைக் கொளுத்திப் பொகை போட்டோம், மரத்துக்கெல்லாம் தண்ணி பாய்ச்சினோம்… ம்ஹூம்.

ஃபஹ்மிதா: ஒரு மரங்கூடவா தப்பல?

ஹஸ்ஸான்: ஒண்ணுகூட.

ஃபஹ்மிதா: மரமே பட்டுப்போச்சா?

ஹஸ்ஸான்: சேச்சே, மரத்துக்கு ஒண்ணுமில்ல. வர்ற வருசம் பூக்கும். இந்த வருசக் காய்தான் போச்சு.

ஃபஹ்மிதா: உங்க முதலாளிக்குப் புள்ளகுட்டி…

ஹஸ்ஸான்: என்னடி, போலீஸ் மாதிரி விசாரிக்கிற? அவருக்கென்ன, ஆட்டுப்பண்ணை இருக்கு, பெட்ரோல் பங்க் இருக்கு. ஆனா மனுசன் மரத்தடியில உக்காந்து அழுதுட்டாரு.

ஃபஹ்மிதா: அல்லாவே…

ஹஸ்ஸான்: நானும் பக்கத்துல மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். அப்புறம் ரூமுக்குப் போயி, போர்வைக்குள்ள தலைய விட்டு சிரிச்சேன் பாரு… அடக்க முடியல.

மலர்கொடி: அடப்பாவி மனுசா!

ஹஸ்ஸான்: தப்புதாங்க்கா. ஆனா, காய் பறிச்சு முடிச்சாத்தான் லீவுன்னு ஒத்தக்கால்ல நின்னவரு, ‘இனி பறிக்க என்ன இருக்கு, ஊருக்குப் போயிட்டு வா’ன்னுட்டாரு! டிக்கெட் கையில இருக்கு. ஞாயித்துக்கிழமை பாபநாசத்துல இருப்பேன். புள்ளைய மொதல்ல நான்தான் தூக்குவேன்!

மலர்கொடி: அடி சக்கை! தம்பி, எனக்கு ஒரு டார்ச் லைட்டு!

ஹஸ்ஸான்: ரெண்டா வாங்கியாறேன்க்கா… ஹலோ? ஃபஹ்மி? அழுவுறாளா?

மலர்கொடி: அழுவல. திருட்டு முழி முழிக்கிறா. சொல்லிடுடி!

ஹஸ்ஸான்: என்னத்த?

ஃபஹ்மிதா: திட்டக்கூடாது…

ஹஸ்ஸான்: திட்டல. சொல்லு.

ஃபஹ்மிதா: போன மாசம் அக்காவும் நானும் நாகூர் போயிருந்தோம்… ஆண்டவர்கிட்ட நேந்துக்கிட்டேன். புள்ள பொறக்குறதுக்குள்ள உங்களுக்குத் தோட்டத்து வேலை சட்டுனு முடிஞ்சிடணும்னு. அவ்வளவுதான் மச்சான் கேட்டேன்… இப்படி முடிச்சு வைப்பாருன்னு நான் கண்டேனா?