ரோக்காநெரா கேலரியில் முதுகு காட்டி நின்றவன்

பெயர்: இவானா ஃபிஸ்காலெத்தி. தகப்பனார் பெயர்: ஒரெஸ்தே ஃபிஸ்காலெத்தி. வயது: நாற்பத்தாறு. விலாசம்: சாந்தெல்மோ துறைமுகம், படகுக்காரர் தெரு. தொழில்: தீவுப் படகு டிக்கெட் கவுண்டர். காணாமல் போன என் தம்பி எஜிதியோவை இறந்தவராக அறிவிக்கக் கோரி என் தகப்பனார் நீதிமன்றத்தில் கொடுத்துள்ள மனு தொடர்பாக விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் தகப்பனாருடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சாந்தெல்மோ கால்பந்து அணியின் ரசிகர்கள். என் தம்பி நடக்கப் பழகியதே கேலரிப் படிகளில்தான். பெனால்டி அடிக்கும்போது மட்டும் அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். பந்து எங்கே போனது என்று பின்னால் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பதினோரு வருடங்களுக்கு முன்பு ஓர் ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, ரோக்காநெராவில் நடந்த ஆட்டத்துக்கு எங்கள் ஊர் ரசிகர்கள் பேருந்தில் போனார்கள். என் தம்பியும் போனான். ரோக்காநெரா எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆனால் பரம விரோதி. ஆட்டம் முடிந்த பிறகு இரண்டு ஊர்க்காரர்களின் கேலரிகளுக்கும் நடுவில் இருந்த உயரமான மேடையில் தள்ளுமுள்ளு ஏற்பட்டு, கைப்பிடிக் கம்பி பெயர்ந்து, ரோக்காநெரா ரசிகரான லோரிஸ் என்ற இளைஞர் கீழே விழுந்து இறந்தார். அது விபத்து என்று அப்போதே விசாரித்து முடிக்கப்பட்டது. என் தம்பி திரும்பும் பேருந்தில் ஏறவில்லை. அவனுடைய சிவப்பு வெள்ளை மஃப்ளரை அந்த மேடையின் படியில் கண்டெடுத்ததாகக் கூடப் போனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை என் தாயார் துவைக்காமல் வைத்திருந்தார். பிறகு தேடாத இடம் இல்லை. என் தாயார் தொலைக்காட்சியில் எந்த ஊர் ஆட்டம் ஓடினாலும் பந்தைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைத்தான் பார்ப்பார். கேமரா கூட்டத்தை விட்டு நகர்ந்தால் "ஏன்டா பாவி, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கேமராக்காரரைத் திட்டுவார். மூன்று வருடங்களுக்கு முன்பு அவர் காலமானார். அதன் பிறகு கூட்டத்தைப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

சென்ற கோடையில் நம் நாட்டு அணி ஆடிய ஒரு முக்கிய ஆட்டம் பெனால்டி வரை போனது. மறுநாள் மதியச் செய்தியில், பல ஊர்ச் சதுக்கங்களில் பெரிய திரை வைத்து ஜனங்கள் ஆட்டம் பார்த்ததைக் காட்டினார்கள். ரோக்காநெரா சதுக்கத்தையும் காட்டினார்கள். நாட்டு அணி ஆடும் அன்று எல்லா ஊரிலும் நாட்டு அணியின் நீலச் சட்டைதான், யார் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது. அந்த நீலத்தில் ஒரே ஓர் ஆள் திரைக்கு முதுகைக் காட்டி, மற்றவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாடி இருந்தது. கேமரா நகர்ந்துவிட்டது. எனக்குக் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. என் தகப்பனார் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போய் மாத்திரை போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம்தான் அவர் வக்கீலைப் பார்த்து மேற்படி மனுவைக் கொடுத்தார். அவரும் அதைப் பார்த்தாரா என்று தாங்கள் கேட்கிறீர்கள். நான் அவரிடம் கேட்கவில்லை.

அதன் பிறகு லீக் ஆட்டங்கள் தொடங்கியதும், ரோக்காநெரா தன் சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய மஞ்சள் கறுப்பு மஃப்ளர் ஒன்றை வாசலில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். போட்டதும் கழுத்து அரித்தது. கேலரியின் அடிவரிசைப் படியில் மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மேலே நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். தாடி வைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோரும் ஒரே மாதிரிக் குதித்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு பெண், "ஏன்மா, ஆட்டம் பின்னாடி நடக்குது. புருஷனைத் தேடுறியா, கடன்காரனைத் தேடுறியா?" என்று கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மழை தூறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடியும் தறுவாயில் ரோக்காநெராவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கேலரி முழுவதும் சத்தம் அடங்கியது. அப்போது மேல்வரிசையில் யாரோ, "டேய் முதுகு, திரும்புடா, நேரமாச்சு! நீ திரும்பாட்டி இவன் கோல் போட மாட்டான்!" என்று கத்தினார்கள். என் தலைக்கு மேல் சில படிகள் தள்ளி, மஞ்சள் கறுப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவனுடைய பிடரி மட்டும்தான். அந்தப் பிடரியை நான் குளிப்பாட்டியிருக்கிறேன். நான் படியேறி, ஆட்களை விலக்கிக்கொண்டு, அவனுக்கு முன்னால் போய் நின்றேன். கோல் விழுந்தது. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் அப்படியே நின்றோம்.

அவன் முதலில் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த மஃப்ளர கழட்டு. உனக்கு வேணாம்" என்றான். குரல் மாறவில்லை. நான் அவனை அடித்தேன். அறைந்ததை இதில் எழுதிக்கொள்ளலாம்.

அவன் பக்கத்தில் வயதான ஒருவர் நின்றார். பெயர் உபால்தோ. இறந்துபோன லோரிஸின் தகப்பனார் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் எங்கள் இருவரையும் மைதானத்துக்கு வெளியே ஒரு காப்பிக்கடைக்கு அழைத்துப்போனார். அங்கே என் தம்பி சொன்னதாவது: அன்றைக்குக் கம்பி பெயர்ந்தபோது, விழப்போன லோரிஸின் மணிக்கட்டை இவன் வலது கையால் பிடித்திருக்கிறான். கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். அதன் பிறகு அந்தக் கை இவன் கையில் இல்லை. "வழுக்கிடுச்சா, நான் விட்டேனான்னு தெரியலக்கா. அவன் கழுத்துல மஞ்சள் கறுப்பப் பார்த்தேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். அவன் ஊரைவிட்டு எங்கெங்கோ போய்விட்டு, மறு வருடம் ரோக்காநெராவுக்கு வந்து, லோரிஸ் வழக்கமாக நின்ற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் நின்றிருக்கிறான். அதிலிருந்து ஓர் ஆட்டமும் விட்டதில்லை. லோரிஸ் எந்தப் பாட்டுக்குக் கை தட்டுவாரோ அந்தப் பாட்டுக்குக் கை தட்டுகிறான். சாந்தெல்மோ ரோக்காநெராவில் ஆடியபோதும் அந்த இடத்திலேயேதான் நின்றிருக்கிறான். நாங்கள் தோற்ற அன்றைக்குத் தானும் குதித்ததாகச் சொன்னான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உபால்தோ என்னிடம், "அன்னிக்குக் கீழே நின்னது நான்தான்மா. நிமிர்ந்து பார்த்தேன். இவன் பாதி உடம்பு வெளியே தொங்கிச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா இவனும் கீழே வந்திருப்பான். இவன் யாருன்னு வந்த அன்னிக்கே தெரியும். நூறு தடவை சொல்லிட்டேன், நீ விடலடான்னு. நம்ப மாட்டேங்கிறான்" என்றார். அதன் பிறகு, "போடான்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. அந்த இடம் காலியா இருந்தா நான் எப்படிம்மா ஆட்டம் பார்ப்பேன்?" என்றார். என் தம்பி அவருடைய காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தான். அவர் கேட்கவில்லை, அவனாகவே செய்தான்.

தாயார் காலமானதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன். அவனே, "அம்மா போனது தெரியும். நம்ம தெருச் சுவர்ல ஒட்டியிருந்தாங்களே, படிச்சேன்" என்றான். எங்கள் தெரு வரைக்கும் வந்து, சுவரொட்டியைப் படித்துவிட்டு, கதவைத் தட்டாமல் போயிருக்கிறான். வீட்டுக்கு வா என்று கேட்டேன். வர மாட்டேன் என்றான். "அப்பாகிட்ட நான் செத்துட்டேன்னே சொல்லு. இந்தச் சட்டையில பார்க்கிறதுக்கு அது அவருக்கு லேசு" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவனைக் கட்டிப்பிடித்தபோது அவன் வலது கையை என் முதுகில் வைக்கவில்லை. தொங்கவிட்டிருந்தான்.

அதன் பிறகு நான் ஊருக்கு வந்து என் தகப்பனாரிடம், மனுவைத் திரும்ப வாங்கச் சொன்னேன். "பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். "சாப்பிடுறானா?" என்றார். மெலிந்திருக்கிறான் என்றேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனுவை அவர் இதுவரை திரும்ப வாங்கவும் இல்லை. ஆகையால் நானே இங்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் தம்பி உயிருடன் இருக்கிறான். அவன் தங்கியிருக்கும் விலாசத்தைத் தங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அவன் சம்மதம் இல்லாமல் அதை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லோரிஸின் கையை அவன் விட்டானா என்று தாங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அவனுக்கே தெரியாததை நான் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். என் தகப்பனார் ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் சாந்தெல்மோவின் முடிவைச் சொன்னதும் நிறுத்திவிடுவார். மற்ற ஊர்களின் முடிவு எங்கள் வீட்டில் ஒலித்ததில்லை. நேற்று நாங்கள் ஜெயித்தோம். அவர் வானொலியை நிறுத்தவில்லை. கையைப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரோக்காநெராவின் முடிவு வரும்வரை உட்கார்ந்திருந்தார். அவர்கள் தோற்றிருந்தார்கள். "மழையில நின்னிருப்பான்" என்றார். அதன் பிறகுதான் நிறுத்தினார்.

மேலே கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இவானா ஃபிஸ்காலெத்தி