ஆறுமுகநயினாருக்கு நான் கொடுத்த தைலம்

(தென்காசி வாசகசாலையில் நடந்த வழியனுப்பு விழாவில், ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் தாணுமாலயன் பேசியது)

சாரல் இன்னும் விடைபெற்றுப் போகாத இந்த ஆவணி மாலையிலே, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு குளிரோடு குழுமியிருக்கும் அவையோரே! தலைமை நாற்காலியை முழுவதுமாக நிரப்பி, அந்த நாற்காலி எவ்வளவு உறுதியானது என்பதையும் நமக்கு மெய்ப்பித்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் கைலாசம் அவர்களே! முன்வரிசையிலே விபூதியும் வெற்றிலையுமாய் வீற்றிருக்கும் அண்ணாச்சிமார்களே! அடுப்பில் வைத்த சோற்றையும் அரைகுறையாய் விட்டுவிட்டு வந்திருக்கும் அன்னைமார்களே! கொழும்பிலிருந்து வந்த முள்ளுக்கரண்டி இரண்டை நம் பிள்ளையின் பயிற்சிக்கென்றே கொடுத்துதவிய சைதூன் பீவி அம்மா அவர்களே! நான் பேசுவதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளும்படி சர்க்கார் அன்போடு அனுப்பிவைத்திருக்கும் ஏட்டையா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தாணுமாலயனின் தலை தாழ்ந்த வணக்கம்.

நாளைக் காலை ஏழு மணி ரயிலிலே நம் ஆறுமுகநயினார் பெங்களூருக்குப் போகவேண்டும். சிப்பாயாக அல்ல, ஐயா. சமையல்காரனாக அல்ல. சுந்தரபாண்டியபுரத்து வயலிலே நாற்றுப் பிடுங்கிய கை, பட்டாளத்து அதிகாரியாகப் பயிற்சி பெறப் போகிறது. பரீட்சை வைத்தார்கள், பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். பெட்டி கட்டியாயிற்று. பூட்டும் போட்டாயிற்று. ஆனால் போவானா? அதுதானே இன்றைய கேள்வி.

அவனைப் பெற்ற தாய் முப்பிடாதியம்மாள் இன்னும் ‘போயிட்டு வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கணவரை இழந்தவர். ஒரே பிள்ளை. தாய் சொல்லாமல் ரயில் ஏறமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டான். மூன்று நாளாக அந்த வீட்டிலே தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை. அதோ, பெண்கள் வரிசையில் தூணை ஒட்டி, என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றே உட்கார்ந்திருக்கிறார். நம் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “வே தாணு, நீரு பேசினா அந்த அம்மா மனசு எளகும்” என்றார். இளகுமோ, எழுந்து போய்விடுவாரோ, எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் இன்றைக்கு உண்மையைப் பேச வந்திருக்கிறேன். மேடையில் எனக்கு அது புதிய பழக்கம்.

என்ன பிச்சையா, எழுந்துவிட்டீர்? ‘வெள்ளைக்காரன் சண்டைக்கு நம்ம பிள்ளை எதுக்கு’ என்கிறீரா? சுரண்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து கேட்கிறீர், பதில் சொல்லாமல் இருப்பேனா? எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு நம் வீட்டை நாமே ஆளப்போகிறோம். ஆளும்போது வாசலில் காவல் வேண்டாமா? அந்தக் காவலுக்கு அதிகாரியை அன்றைக்கும் லண்டனிலிருந்தா வரவழைப்பீர்? ஏட்டையா, ‘நம் வீடு’ என்று நான் சொன்னது என் சொந்த வீட்டை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். பங்குனி மாதம் ஒருநாள் ஆறுமுகநயினார் என் வீட்டுக்கு வந்தான். பி.ஏ. படித்த பிள்ளை. பத்திரிகையில் வந்த விளம்பரத்தை நீட்டி, “சார்வாள், நீங்கதான் என்னயத் தயார் பண்ணிவிடணும்” என்றான். ஏன் என்னிடம் வந்தான்? போன உலகச் சண்டையிலே கடல் தாண்டிப் பாஸ்ராவுக்குப் போய்வந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். அங்கே நான் செய்தது கூடாரம் அடிக்கிற வேலை. கொன்றது கொசுக்களை மட்டும். அதை இதுவரை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

பரீட்சைக்குப் போகத் தாயார் எப்படிச் சம்மதித்தார் என்கிறீர்களா? பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் சொன்னாராம், “தாணுமாலயன் சார்வாள்லா தயார் பண்ணுதாவ, நிச்சயமா இவன எடுக்க மாட்டாவ, போயிட்டு வரட்டும்” என்று. சிரியுங்கள், ஐயா, சிரியுங்கள். நானும் சிரித்தேன், இரண்டு நாள் கழித்து.

தயார் செய்தோம். எப்படித் தயார் செய்தோம்! விடியலிலே சிற்றாற்று மணலில் ஓட்டம். வெயிலிலே வயல் வரப்பில் நடை. சீசன் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கொண்டுபோய்ப் பேரருவியின் கீழே நிறுத்தி, ‘அட்டென்ஷன்’ என்றேன். அருவி அடிக்கிற அடியிலே அசையாமல் நிற்பவன் எந்த வெள்ளைக்காரன் முன்னாலும் அசையாமல் நிற்பான் என்பது என் கொள்கை. அரை மணி நேரம் நின்றான். பின்னால் குளிக்க நின்றவர்கள் எங்கள் இருவரையும், எங்கள் இரு குடும்பங்களையும் வாழ்த்திய வாழ்த்து இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் அவசரம் அவர்களுக்கு. என் அவசரம் நாட்டுக்கு.

அடுத்து விருந்துப் பழக்கம். அதிகாரி என்றால் கத்தியும் முள்ளுக்கரண்டியுமாய்ச் சாப்பிடவேண்டுமாம். இதே வாசகசாலையிலே மேசை போட்டு, தோசை வைத்து, நிர்வாகக் குழு முழுவதும் உட்கார்ந்து பழகினோம். பிள்ளை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். நம் தலைவர் நறுக்கிய தோசை மட்டும் மேசையை விட்டுப் பறந்து, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தில் போய் ஒட்டியது. தலைவர் அவர்கள் முகம் சுளிக்கிறார். உண்மை பேசுவேன் என்று முன்பே சொன்னேனே, ஐயா.

இப்போது தைலத்துக்கு வருகிறேன். நம் ஊரிலே எண்ணெய் தேய்க்காமல் எவனாவது அருவிக்குப் போவானா? எண்ணெய் தேய்க்காமல் ஒரு நல்ல நாள் விடியுமா? பிள்ளை பிறந்தால் எண்ணெய், உடம்பு வலித்தால் எண்ணெய், மாப்பிள்ளைக்கு எண்ணெய், மாட்டுக் கொம்புக்கும் எண்ணெய். அப்படியிருக்க, பெரிய பரீட்சைக்குப் போகிற பிள்ளையை வறண்ட உடம்போடு அனுப்புவேனா? மலை மூலிகை பதினாறு போட்டு, நானே பக்கத்தில் இருந்து காய்ச்சி, ஒரு போத்தல் தைலம் கொடுத்தேன். “பரீட்சை அன்னைக்குக் காலைல தோளுலேந்து வெரலு வரைக்கும் தேய்க்கணும். உள்ளங்கைய விட்டுராதே, பலமே அங்கனதான் இருக்கு” என்று சொல்லி அனுப்பினேன்.

ஐயா, இந்தப் பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. சொன்னதை அப்படியே செய்வான்.

பெங்களூரிலே பரீட்சை. பெரிய மரம். மரத்திலிருந்து தொங்குகிறது ஒரு கயிறு. எட்டுப் பேர் வரிசையாக ஏறிக் கிளையைத் தொடவேண்டும். முதல் ஆள் நம் ஆள். பாய்ந்து பிடித்தான், பாதி ஏறினான், பக்கென்று இறங்கினான். மறுபடி பிடித்தான், மறுபடி இறங்கினான். மூன்றாம் தரம் பிடிக்கும் முன்பே இறங்கிவிட்டான். அடுத்தவன் வந்தான். கயிறெல்லாம் நம் தைலம். அவனும் இறங்கினான். அதற்கடுத்தவன் அவனைவிட வேகமாக இறங்கினான். எட்டுப் பேரும் ஏறியது கொஞ்சம், இறங்கியது அதிகம். ஏறத் தெரிந்தவனைத் தேடி வைத்த பரீட்சையிலே ஏறியவன் ஒருவனும் இல்லை.

வெள்ளைக்கார மேஜர் வந்து கயிற்றைத் தொட்டார். விரலை முகர்ந்தார். தும்மினார். “யார் செய்த வேலை இது?” என்று கேட்டார். இப்போது நன்றாகக் கேளுங்கள். எட்டுப் பேர் கையிலும் எண்ணெய். எட்டுப் பேர் சட்டையிலும் எண்ணெய். யார் என்று கண்டுபிடிக்க எந்த மேஜராலும் முடியாது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

ஆறுமுகநயினார் ஓரடி முன்னால் வந்து, “நான்தான், ஐயா” என்றான். எண்ணெய் தேய்க்கச் சொன்னது யார் என்று மேஜர் கேட்டார். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். தென்காசியில் தாணுமாலயன் என்று ஒரு மேதாவி இருக்கிறார் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. “கை என்னுடையது, தப்பும் என்னுடையது. மற்ற ஏழு பேரை இதற்காகத் தள்ளிவிட வேண்டாம். கால் மணி நேரம் கொடுத்தால் சரி செய்கிறேன்” என்றான்.

எதைக் கொண்டு சரி செய்வான்? அவன் மூட்டையிலே, கேளாமல், சொல்லாமல், ஒரு பொட்டலம் சீயக்காய்த்தூளும் இருந்தது. எண்ணெய்ப் போத்தலை உள்ளே பார்த்ததுமே இந்தத் தாய் எடுத்து வைத்த பொட்டலம் அது. எண்ணெய் போட்ட ஆண்பிள்ளை நான். அது போவதற்கும் வழி வேண்டுமே என்று நினைத்தவர் அவர். எட்டுப் பேருமாகச் சேர்ந்து கயிற்றுக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, மணலில் புரட்டித் துடைத்தார்கள். வடக்கத்திப் பிள்ளைகளுக்கு இது என்ன சடங்கு என்றே புரியவில்லை. கை கழுவினார்கள். எட்டுப் பேரும் ஏறினார்கள். எட்டுப் பேரும் கிளையைத் தொட்டார்கள். மேஜர் ஏதோ எழுதிக்கொண்டார்.

இதில் எதையும் ஊருக்கு வந்து அவன் சொல்லவில்லை. ‘சார்வாள் தயார் பண்ணிவிட்டாவ, செயிச்சேன்’ என்றான். நான் என்ன செய்தேன்? எல்லாம் என் தைலத்தின் மகிமை என்று கடையம் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பிள்ளை, அந்த எட்டுப் பேரில் ஒருவன், சீசனுக்கு வந்தவன். ஆறுமுகநயினார் வீட்டுக்கு வழி கேட்டான். கேட்டவன் கதை முழுவதும் சொன்னான். சொல்லிவிட்டு, “அந்த எண்ணெயைக் கொடுத்தனுப்புன முட்டாளை ஒரு தரம் பார்க்கோணுமுங்க” என்றான். நான் அருவிக்குள்ளே நன்றாகத் தலையை நீட்டிக்கொண்டேன்.

சிரிப்பு போதும், ஐயா. கொஞ்சம் அமைதி.

மூன்று நாளைக்கு முன் இந்த அம்மாவிடம் பேசப் போனேன். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “நிமுந்து நிக்கச் சொல்லிக் குடுத்திய. முள்ளுக்கரண்டி பிடிக்கச் சொல்லிக் குடுத்திய. உசுரோட திரும்பி வாரதுக்கு என்ன சொல்லிக் குடுத்திய, சார்வாள்?” என்று கேட்டார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அம்மா, இன்றைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வித்தை எனக்குத் தெரியாது. தெரியும் என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் ஒன்று தெரியும். நாளைக்கு இவனுக்குக் கீழே முப்பது பிள்ளைகள் நிற்பார்கள். முப்பது வீட்டுப் பிள்ளைகள். முப்பது தாய்மார் உங்களைப் போலவே தூங்காமல் கிடப்பார்கள். ஒரு தவறு நேர்ந்தால் அதை அந்தப் பிள்ளைகள் தலையில் தள்ளிவிடாமல், தானே முன்னால் வந்து நிற்கிற ஒருவன் அவர்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? அப்படிப்பட்டவனை நான் தயார் செய்யவில்லை. நான் தயார் செய்தது வெறும் எண்ணெய். அவனைத் தயார் செய்தவர் நீங்கள்.

உங்கள் பிள்ளையின் வாழ்வையே என் அறியாமையால் கெடுக்கப் பார்த்தேன். ஊர் கூடிய இடத்தில் பெருமை அடித்தவன், ஊர் கூடிய இடத்திலேயே கேட்கிறேன். என்னை மன்னியுங்கள். அவனை அனுப்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அதை நீங்கள் ஒருவர்தான் சொல்லவேண்டும்.

அம்மா எழுந்திருக்கிறார். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள். என்ன அம்மா? இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக, அம்மா சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் சொல்கிறேன்: “பேச்ச முடிங்க, சார்வாள். புள்ள சாப்பிட்டு வெள்ளனப் படுக்கணும். காலைல ஏழு மணிக்கு ரயிலு.”

அவையோரே, இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை. வந்தவர்களுக்கும், வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கும், எழுதிக் கை வலித்த ஏட்டையாவுக்கும் என் நன்றி. ஆறுமுகநயினார், எழுந்திரு, அம்மாவோடு வீட்டுக்குப் போ. எல்லோரும் அவர்களுக்கு வழி விடுங்கள். வணக்கம்.