ஏரியைப் பார்த்து நின்ற குச்சிகள்

காலை நாலரை மணி. ஏரிக்கரைச் சாலை. நவம்பர் மாதம்... விடிவதற்கு இன்னும் வெகுநேரம் இருக்கிறது. அந்தச் சாலையின் கடைசி வீடு வரைக்கும் அந்த நேரத்தில் போகிறவன் ஒருவன்தான். வீட்டு வழிகளில் விழும் பனியை வண்டியால் தள்ளுகிற லீ கோஸ்கி. நம்ம பார்ப் இருக்கிறாளே, அவளுடைய மைத்துனன். இதை அவன் பார்ப்பிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் யார் கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுவான்.

கடைசி வீட்டு வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, லீ முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வளைவில் இருக்க வேண்டிய இரண்டு குச்சிகள் அங்கே இல்லை. கொஞ்சம் தள்ளி, படகு இறக்கும் சரிவின் ஓரத்தில் நின்றன. யாரோ பிடுங்கி நட்ட மாதிரி, ஒழுங்காக, நேராக.

குச்சி என்றால் உங்களுக்குத் தெரியும். ஆரஞ்சு நிறம், தோள் உயரம். நிலம் உறைவதற்கு முன்னால், பனி தள்ளுகிறவன் ஒவ்வொரு வீட்டு வழியிலும் இருபுறமும் நட்டுவிடுவான். பனி விழுந்துவிட்டால் பாதை, பள்ளம், புல்வெளி, ஏரி எல்லாம் ஒரே வெள்ளை. இருட்டில் பனி முகத்தில் அடிக்கும்போது அவன் தன் கண்ணை நம்புவதில்லை, குச்சியைத்தான் நம்புவான். குச்சியின் தலையில் ஒரு மின்னும் ஸ்டிக்கர் இருக்கும். லீ அதை ஒரு பக்கம் மட்டும்தான் ஒட்டுவான், சாலையிலிருந்து உள்ளே வருகிறவனைப் பார்த்து. உள்ளே வரும்போது எல்லாம் பளிச்சென்று மின்னும். திரும்பிப் போகும்போது வெறும் முதுகுதான் தெரியும். இரண்டு பக்கமும் ஒட்ட அவனுக்குச் சோம்பல்.

அந்த வீட்டு வழியின் அமைப்பையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கிளம்பினால் கொஞ்ச தூரம் கரையை ஒட்டி நேராகப் போகும். அப்புறம் வலப்பக்கம் வளைந்து சாலைக்கு ஏறும். வளையாமல் நேரே போனால் படகு இறக்கும் சரிவு. சரிவின் பக்கத்தில் ஒரு பழைய சவுனா, மரத்தால் கட்டிய நீராவிக் குளியல் கொட்டகை. சரிவின் அடியில் சுப்பீரியர் ஏரி.

வீட்டுக்காரன் டாரில், லீயோடு பள்ளியில் படித்தவன். அந்தக் கோடையில்தான் வீட்டை வாங்கியிருந்தான். அவன் மனைவி ஹாலிக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம். டாரில் லீயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தான்: எந்த நேரம் வலி எடுத்தாலும் வண்டி வெளியே போக வழி இருக்க வேண்டும். லீ சரி என்று கை கொடுத்திருந்தான். ஆகவே குச்சி நகர்வது அவனுக்கு விளையாட்டு விஷயம் இல்லை.

விடிந்ததும் டாரிலிடம் கேட்டான்.

"குச்சியப் புடுங்கி வச்சது நீயாடா?"

"எனக்கு வேற வேலை இல்லியா? நீ பீர் குடிச்சிட்டு நட்டிருப்ப."

"பீர் குடிச்சா நேராத்தான்டா நடுவேன். குடிக்காத அன்னைக்குத்தான் கோணும்."

சிரித்தார்கள். ஆனால் லீக்கு மனம் ஆறவில்லை. அவனுக்கு எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். காபியை ஆறவிட்டு யோசித்தான். அந்த வாரம் வானிலை ஒரு நிலையில் இல்லை. ஒரு நாள் மழை, இரவில் உறைபனி, மறுநாள் உருகிச் சேறு, மறுபடி உறைபனி. மண்ணில் உள்ள ஈரம் உறையும்போது பருக்கும். பருக்கிற மண் குச்சியை இறுக்கிப் பிடித்து மேலே தூக்கும். உருகும்போது அடியிலுள்ள ஓட்டைக்குள் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும், குச்சி இறங்காது. அடுத்த இரவு இன்னும் கொஞ்சம் தூக்கும். வேலிக்கம்பமே இப்படி நிலத்திலிருந்து எழுந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். மண்ணால் அது முடியும்.

ஆனால் மண் மேலேதான் தூக்கும். பக்கவாட்டில் நடக்க வைக்காது.

குச்சிகளைப் பழைய இடத்தில் நட்டான். மறுநாள் மூடுபனி, தூறல். குச்சிகள் அசையவில்லை. சரி, ஏதோ பையன்களின் குறும்பு என்று விட்டுவிட்டான்.

அன்று இரவு கடுமையாக உறைந்தது. நிலம் கல்லாகிவிட்டது. காலையில் லீ வந்தபோது, சரிவில் இரண்டு இல்லை... வீட்டு வழியிலிருந்து பெயர்ந்து வந்த ஒரு வரிசையே நின்றது. தண்ணீரின் ஓரத்தில் ஆரம்பித்து, சவுனாவைத் தொட்டு, அதைத் தாண்டி, வீட்டுக்குப் பாதி தூரம் வரை.

ஒன்றைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. முட்டி போட்டு அடியில் தடவிப் பார்த்தான். உறைந்த நிலத்தில் குச்சி நட வேண்டுமானால் டிரில் போட்டுத் துளைக்க வேண்டும். துளைத்தால் தூள் விழும், விளிம்பு உடையும். இங்கே தூளும் இல்லை, வெடிப்பும் இல்லை. குச்சியைச் சுற்றி மண் வளர்ந்து மூடியது போல இருந்தது.

எழுந்தபோது சவுனாக் கதவு கண்ணில் பட்டது. கதவில் ஒரு புதுப் பூட்டு. பூட்டின் மேல் மட்டும் முஷ்டி அளவுக்கு ஐஸ். கூரை நீண்டிருப்பதால் மழை அங்கே படவே படாது. கதவில் ஒரு சொட்டு இல்லை. பூட்டில் மட்டும்... ஈரக் கையால் திரும்பத் திரும்பப் பிடித்தால் எப்படி உறையுமோ, அப்படி.

"டாரில், சவுனாவ எதுக்குடா பூட்டின?"

"உள்ள என் ஸ்னோமொபைல் வண்டி நிக்குது. வீட்டுக்குள்ள கரண்ட்டு சவுனா போட்டாச்சு. இத யாரு சுள்ளி பொறுக்கிச் சூடு பண்ணிக்கிட்டு இருக்கிறது?"

இந்தப் பக்கத்தில் சவுனாவை யாரும் பூட்டுவதில்லை. கதவில் உள்ளேயும் வெளியேயும் திருப்பிவிடுகிற ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். குளிரில் மாட்டிக்கொண்டவன் யாராக இருந்தாலும் கேட்காமல் உள்ளே போகலாம். கடைசியாகக் குளிக்கிறவன் கொஞ்சம் சூட்டை மிச்சம் வைத்துவிட்டுத்தான் வருவான். யாருக்கு என்று சின்ன வயதில் நாம் கேட்டிருக்கிறோம். யாரும் பதில் சொன்னதில்லை.

ஹாலி வாசலுக்கு வந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை கதவில்.

"லீ, ராத்திரியில இங்க யாராச்சும் நடமாடுறாங்களா?"

"ஏன் கேக்குற?"

"கொஞ்ச நாளா விடிகாலையில ஒரு வாடை வருது. வலையக் காயப்போடாம மூட்டை கட்டி வச்சா வருமே, அந்தப் பாசி வாடை. முதல்ல சவுனாப் பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு ஜன்னல்கிட்ட."

"இவ மூக்க நம்பாத. நேத்து காபியில மண்ணெண்ணெய் வாடைன்னா" என்றான் டாரில்.

"நீ போட்ட காபி அப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை.

லீ டிரில்லும் வெந்நீரும் கொண்டுவந்து மத்தியானம் வரை மல்லுக்கட்டி, ஒவ்வொரு குச்சியாக எடுத்து, வழி ஓரத்தில் திரும்ப நட்டான். அவசரத்தில் ஸ்டிக்கர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று அவன் கவனிக்கவில்லை. அதை மட்டும் கவனித்திருந்தால்... என்று பார்ப்பிடம் சொல்லி நிறுத்தினானாம்.

வெள்ளிக்கிழமை காற்று வடமேற்குக்குத் திரும்பியது. அது எப்படி என்று நமக்குத் தெரியும். ஏரி இன்னும் கோடையின் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும். அதன் மேல் உறைந்த காற்று ஓடிவரும்போது ஆவியை வாரிக்கொள்ளும். கரை ஏறியதும் அத்தனையும் பனியாகக் கொட்டும். சாயங்காலம் ஆரம்பித்தது. நள்ளிரவில் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை.

போன் அடித்தது.

"லீ, பனிக்குடம் உடைஞ்சிருச்சுடா. ஆம்புலன்ஸ் வர முடியாதாம். நீ வா."

போனான். உள்ளே நுழையும்போது குச்சிகள் சரியாக இருந்தன. விளக்கு பட்டதும் இரண்டு இரண்டாக மின்னி, வளைவு காட்டி, வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டன. வண்டியின் முன்னால் மாட்டிய தகட்டை இறக்கிப் பனியைத் தள்ளிக்கொண்டே போனான். தகடு சரளைக் கல்லில் உரசும் சத்தம் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை அடியில் பாதை இருக்கிறது என்று அர்த்தம்.

ஹாலியால் உடனே நடக்க முடியவில்லை. வலி விட்டு விட்டு வந்தது. அவளைக் கைத்தாங்கலாக டாரிலின் பிக்கப் வண்டியில் ஏற்ற அரைமணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் லீ தள்ளிய தடத்தைக் காற்று மூடிவிட்டது.

"என் பின்விளக்க மட்டும் பாத்துக்கிட்டு வா. முந்தாத" என்றான் லீ.

"முந்துறதுக்கு ரோடு தெரியணுமே."

கிளம்பினார்கள். குச்சிகளின் முதுகு வந்தது. இடம் ஒன்று, வலம் ஒன்று. இடம்... வலம். வெளியே போகும்போது முதுகுதானே தெரியும். லீ அவற்றின் நடுவே ஓட்டினான். தகடு கரகரவென்றது.

கரகர...

சத்தம் நின்றுவிட்டது.

வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தகடு இறங்கித்தான் இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. மெத்தையில் போவது மாதிரி ஒரு மென்மை. லீ யோசிக்கவில்லை, கால் தானாக பிரேக்கை மிதித்தது. பின்னால் டாரில் ஹாரன் அடித்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். காலடியில் கல் இல்லை. மணல். இரண்டு எட்டு வைத்தான். கண்ணாடி போல மெல்லிய ஐஸ் நொறுங்கியது, பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. தகட்டின் நுனியை அலை நக்கிக்கொண்டிருந்தது.

டாரிலை நிறுத்தச் சொல்ல, டார்ச்சை உயர்த்தித் திரும்பினான்.

குச்சிகள் மின்னின.

வண்டிக்கு இருபக்கமும், டாரிலின் வண்டிக்கு அப்பால், சவுனாவுக்கு அப்பால், இரண்டு இரண்டாக... எல்லாம் ஸ்டிக்கர். எல்லாம் அவனைப் பார்த்து. கடைசி ஜோடி வீட்டு வாசற்படியின் இரண்டு பக்கமும் நின்றது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. இந்த வரிசை யாரையும் ஏரிக்கு அனுப்புவதற்காக இல்லை. இது மின்னுவதைப் பார்க்க வேண்டுமானால், அவன் இப்போது நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். தண்ணீரில்.

முதுகுக்குப் பின்னால், ஏரிக்குள், ஐஸ் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் இடைவெளி. இன்னொன்று. அலை அடித்தால் அப்படிக் கேட்காது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வருகிறவன் ஒவ்வொரு காலாக வைப்பான் பாருங்கள், அப்படி. பாசி வாடை வந்தது.

லீ திரும்பிப் பார்க்கவில்லை.

சவுனா பூட்டியிருப்பதால்தான் வரிசை வீடு வரை நீண்டிருக்கிறது. வண்டியிலிருந்து கடப்பாரையை உருவிக்கொண்டு சவுனாவுக்கு ஓடினான்.

"என்னடா பண்ற? இங்கயே பெத்துருவாடா அவ!" என்று டாரில் கத்தினான்.

"பின்னால எடு. நேராப் பின்னால எடு. ஹாலிய இந்தப் பக்கம் பாக்க வேணாம்னு சொல்லு."

பூட்டில் ஓங்கி அடித்தான். ஐஸ் தெறித்தது. மறுபடி அடித்தான். வளையம் கழன்று விழுந்தது. கதவை அகலத் திறந்து, டார்ச்சை உள்ளே பலகையில் வைத்துவிட்டு, சுவரோடு சுவராக விலகி நின்று கண்ணை மூடிக்கொண்டான்.

மணலில் ஈரக் காலடி. மெதுவாக. அவனுக்கு முன்னால் வந்தது... நின்றது. குளிர் ஒன்று முகத்தில் பட்டது. காற்று இல்லை அது. காற்று சவுனாவின் பின்பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

அப்புறம் பலகைத் தரை கிறீச்சிட்டது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து மரக்கட்டையைத் திருப்பும் சத்தம் கேட்டது.

அந்த வழியை விட்டு லீ காதால்தான் வெளியே வந்தான். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கரகர சத்தம் கிடைக்கும் வரை தகட்டை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்து, கிடைத்ததும் அதை விடாமல் பிடித்துக்கொண்டு சாலை ஏறினான், பின்னாலேயே டாரில். விடியும்போது ஆஸ்பத்திரியில் ஹாலிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை லீயும் டாரிலும் நல்ல வெளிச்சத்தில் சவுனாவைத் திறந்து பார்த்தார்கள். டார்ச் அணைந்திருந்தது. மேல் பலகை நனைந்திருந்தது. அந்தக் குளிரில் உறையாமல், ஈரமாக. நடுவில் நின்ற ஸ்னோமொபைல், இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாதது, சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. டாரில் அன்றே அதை ஓட்டி வெளியே எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஹாலியின் மூக்கைப் பற்றி அவன் கேலி பேசியதில்லை.

அந்த ஏரியில் மூழ்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். இது யார் என்று லீ யாரிடமும் விசாரிக்கவில்லை. குச்சிக்கு என்ன வழி என்று மட்டும் யோசித்தான், கண்டுபிடித்தான். இன்றுவரை அதைத்தான் செய்கிறான்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும், நிலம் உறைவதற்கு முன்னால், அங்கே இரண்டு வரிசை நட வேண்டும். ஒன்று சாலையிலிருந்து வீட்டுக்கு, ஸ்டிக்கர் சாலையைப் பார்த்து. மற்றது தண்ணீர் ஓரத்திலிருந்து சவுனாக் கதவு வரை, ஸ்டிக்கர் ஏரியைப் பார்த்து. சவுனாவுக்குப் பூட்டு கூடாது. இப்படிச் செய்த பிறகு வீட்டு வழியில் ஒரு குச்சிகூட நகர்ந்ததில்லை. நட்டு முடித்ததும், மிச்சமிருக்கும் குச்சிகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். வரிசையை வீடு வரை நீட்ட ஒன்றைக்கூட அங்கே விட்டுவிட்டு வரக்கூடாது.