இரண்டாவது டிரம்பெட்

டிரம்பெட்டைப் புளி போட்டுத் துலக்கக் கூடாது. பளபளப்பு வரும், ஆனால் சில வருஷங்களில் பித்தளை மெலிந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். நான் ஒரு பொருளை எப்படிப் பராமரிப்பேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் மேடம், அதற்காகச் சொன்னேன். மனிதர்களையும் அப்படித்தான்.

என் பெயர் மாதவராஜ். வயது அறுபத்தாறு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என் மேஜைக்கு வந்த கோப்பு ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. லீவு நாட்களில் கம்பைநல்லூர் ராயல் ஸ்டார் பேண்டில் டிரம்பெட் ஊதினேன். இரண்டாவது டிரம்பெட். முதல் டிரம்பெட் சவுரியப்பன் அண்ணன். அவர் இறந்துபோனதைப் பற்றித்தான் ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

ராயல் ஸ்டார் மற்ற பேண்டுகளைப் போல அல்ல. பதினாறு பேர். அண்ணன் சின்ன வயதில் கோலார் தங்கவயலில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். அங்கே கிளப்பில் வெள்ளைக்காரர் காலத்து நடன இசையை வாசித்த ஒரு கிழவரிடம் பாடம் கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார். சாக்ஸபோன்கள் ஒரு பக்கம் கேள்வி கேட்கும், டிரம்பெட்டுகள் பதில் சொல்லும், நடுவில் டிரம்ஸ் துள்ளும். "இதுக்குப் பேரு ஸ்விங்குடா" என்பார். ஊரில் அதற்கு ஊஞ்சல் பாட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் வாசித்துக்கொண்டு போனால் பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் பஸ் நின்றுவிடும். ஒருமுறை கண்டக்டர் இறங்கி ஆடினார். ஆடி முடித்து அண்ணனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணனின் துண்டு அப்போது என் தோளில் இருந்தது.

பிறகு கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி வந்தது. பேண்டு கலைந்தது. கலைவதற்கு முன் ஒரு கேசட் போட்டோம். அட்டையில் 'டிரம்பெட்: சவுரியப்பன் மற்றும் குழுவினர்' என்று அச்சடித்திருந்தார்கள். நான் குழுவினர். இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தக் கேசட்டை நானே பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அட்டையை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து எல்லாரையும் மறுபடி சேர்த்ததும் நான்தான். பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். சாக்ஸபோன் கிருஷ்ணப்பனுக்குப் பல்செட் கட்ட வைத்தேன். டிரம்ஸ் தீர்த்தகிரியை வத்தல்மலையில் மகள் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன். அண்ணனுக்கு எழுபத்து நாலு வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. கூப்பிட்டதும் அழுதுவிட்டார். "நீ இல்லாட்டி எங்களை யாருடா நெனைக்கப் போறாங்க?" என்றார். உண்மைதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி, தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவு செய்து வெளியிடுவது என்று ஏற்பாடு. ஓசூரிலிருந்து தேன்மொழி என்ற ரெக்கார்டிங் இன்ஜினியர் வந்திருந்தாள். கெட்டிக்காரி. மேடை முழுக்க மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிவு செய்தாள்.

ஃபேன்களை நிறுத்தச் சொன்னது நான்தான்.

"ஓடட்டும் சார், அந்த எரைச்சலை நான் அப்புறமா எடுத்துடுவேன். பெரியவங்களுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டுது பாருங்க" என்றாள்.

இயற்கையான ஒலியில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. மேடையிலிருந்த நாற்காலிகளை எடுக்கச் சொன்னதும் நான்தான். மண்டபத்து நாற்காலிகள் அசைந்தால் கிறீச்சிடும். அண்ணனின் மகள் நிர்மலா பெங்களூரில் நர்ஸ், அன்று அதற்கு டூட்டி. முதல் நாளே போன் செய்து, "சித்தப்பா, அப்பாவால ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க. அவருக்கு மட்டும் ஒரு சேர் போட்டுருங்க" என்று கேட்டுக்கொண்டது. ஒருவருக்கு மட்டும் சலுகை தந்தால் குழுவில் ஒற்றுமை கெடும். அலுவலகத்தில் நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் புதுக் கோட்டு தைத்தோம். மெரூன் வெல்வெட், கழுத்து வரை பட்டன். படத்தில் எடுப்பாக இருந்தது. கோட்டுக்குப் பை வைக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு. அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரை. அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒத்திகையில் ஒரு மெதுவான பாட்டின் நடுவே அவர் அதை எடுத்தார். அந்த அட்டை மொறமொறத்தது மைக்கில் தெளிவாக விழுந்தது. அதனால்தான் நிகழ்ச்சிக்கு முன் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"நான் வச்சிருக்கறேண்ணா. வேணும்னா கேளுங்க" என்றேன்.

"உங்கிட்ட இருந்தா எங்கிட்ட இருக்கற மாதிரிதான்" என்றார்.

என் கோட்டில் மட்டும் உள்பை ஒன்று உண்டு. நிகழ்ச்சி நிரலை வைக்க வேண்டும் அல்லவா.

முதல் பத்துப் பாட்டுகளைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. மண்டபம் நிரம்பி வழிந்தது. மாம்பழ வியாபாரிகள், வாத்தியார்கள், எங்கள் வாசிப்பில் தாலி கட்டிக்கொண்டவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள். நானூறு பேர் ஒரே தாளத்தில் காலைத் தட்டியது தரையில் தெரிந்தது. பத்தாவது பாட்டு முடிந்தபோது அண்ணனின் முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களிடம் இருக்கிறது. ஏழாவது மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. கைதட்டலில் யாருக்கும் கேட்காதது அதில் கேட்டிருக்கிறது. தேன்மொழி அதைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. பதிவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னவனே நான்தான். ஆனால் நீங்கள் எழுதியெடுத்த பிரதியில் ஒரு பிழை இருக்கிறது. அவர் மாத்திரையை இரண்டு முறை கேட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்று முறை கேட்டார்.

முதல் முறை, "மாதவா, மாத்திரை." நான் நோட்டைப் புரட்டினேன்.

இரண்டாவது முறை, "டேய், நெஞ்சை அடைக்குதுடா. மாத்திரையைக் குடு." நான், "ஒரே ஒரு பாட்டுதாண்ணா" என்றேன்.

பிறகுதான் அதைச் சொன்னார். "அப்ப இந்தப் பாட்டை நீ ஊதுடா. எத்தினி வருசமா பக்கத்துலயே நிக்கற. எனக்கு மேல ஊதுவ நீ. நான் ஓரமா ஒக்காந்துக்கறேன்."

நீங்கள் இந்த இடத்தில்தான் பதிவை நிறுத்தி, என்னைப் பார்த்தீர்கள். இவன் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டதே, ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று. ஒருவர் கொடுத்து வாங்குவது வேறு, நாமே எடுத்துக்கொள்வது வேறு மேடம். அவர் கொடுத்திருந்தால், சவுரியப்பன் விட்டுக்கொடுத்தார் என்று ஊர் சொல்லியிருக்கும். அங்கேயும் அவர் பெயர்தான்.

"ஜனங்க ஒங்களைக் கேக்கத்தாண்ணா வந்திருக்குது. நீங்களே ஊதுங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தீர்த்தகிரிக்குச் சைகை காட்டினேன். டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. அதற்குள்தான் மூன்றாவது முறை கேட்டார். டிரம்ஸ் சத்தத்தில் அது அமுங்கியிருக்கும், அதனால் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

பதினோராவது பாட்டு அவருடையது. கடைசியில் ஒரு உச்ச ஸ்வரம், எட்டு எண்ணிக்கை தம் பிடிக்க வேண்டும். நிகழ்ச்சிக்காகச் சுருதியை ஒரு கட்டை ஏற்றியிருந்தேன். பாதியில் அவர் மண்டியிட்டார். அந்தக் காலத்திலும் உணர்ச்சி மேலிட்டால் மண்டியிட்டு ஊதுவார், அதனால் கூட்டம் விசிலடித்தது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். தீர்த்தகிரி குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். நான் காலால் தாளம் தட்டிக் காட்டினேன். தொடர்ந்தார். நான் ஓரடி முன்னால் வந்து, மீதிப் பாட்டை ஊதினேன். அந்த உச்ச ஸ்வரத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கை பிடித்தேன்.

அந்தப் பாட்டை நான் எப்போது கற்றேன் என்று கேட்டீர்கள். மூன்று மாதமாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்றிய சுருதியிலேயே. ஆம், பதிவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே. இரண்டாவது டிரம்பெட் எதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள். ஜனவரியில் அவரை டாக்டரிடம் அழைத்துப்போனது நான்தான், என் வண்டியில். டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம்தான் பேசினார். புழுக்கத்தில் இருக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, தம் பிடித்து ஊதவே கூடாது, மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "ஏதாவது ஆச்சுன்னா டக்குனு போயிடும்" என்றார். வெளியே வந்ததும் அண்ணன், "என்னடா சொன்னாரு?" என்றார். "நல்லா ஊதலாம்னு சொல்லிட்டாருண்ணா" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று வீட்டுக்கு வந்துதான் ராயல் ஸ்டாரை மறுபடி சேர்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதனால், தெரிந்தே செய்தாயா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், ஆம். ஃபேன், கோட்டு, நாற்காலி, சுருதி, மாத்திரை எல்லாமே நான் தெரிந்து செய்தவை. கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கைதட்டல் முடியும் வரை நான் குனிந்து வணங்கிக்கொண்டே இருந்தேனாம், அதைக் கல்நெஞ்சம் என்று நிர்மலா புகாரில் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் நீக்கிவிடச் சொல்லுங்கள். நானூறு பேர் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் எழுந்து வணங்கும் நிலையில் இல்லை. அண்ணனுக்காக அதையாவது நான் செய்ய வேண்டாமா?