தோசைக்கல்லை அணை

— இன்னொரு வாட்டி சொல்லு கீதா. அந்தக் கோட்டுக்காரரு இன்னா சொன்னாரு?

— எத்தன வாட்டிண்ணா? "அது தோசக்கல்லு, அணைச்சிடுங்க"ன்னாரு. சென்னைல, அவ்ளோ பெரிய கம்பெனி மீட்டிங்ல.

— அது யாரு வார்த்தன்னு அவருக்குத் தெரியுமா?

— ஐ.டி.ல எல்லாரும் பேசறதுன்னு நெனச்சிட்டு இருந்தாரு. நான்தான் சொன்னேன், இது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில ஓட்டல் வெச்சிருக்கிற எங்கண்ணன் வேடியப்பன் வார்த்தன்னு.

— பேரோடவா சொன்ன?

— இனிஷியலோட சொன்னேன்.

— அப்படிப் போடு, பாத்துக்க. சித்ரா பௌர்ணமி கதையையும் சொன்னியா? நம்ம ஓட்டல்ல உன் பில்லு மிஷினு நின்னு போச்சே.

— மிஷின் இல்லண்ணா, நான் எழுதின சாஃப்ட்வேரு. அன்னிக்குக் கூட்டத்துல ஒவ்வொரு பில்லுக்கும் ஆஃபரு, பாயிண்ட்டு, கலர் படம்னு காட்டிக் காட்டியே படுத்துடுச்சு. நீ எட்டிப் பாத்துட்டுச் சொன்ன பாரு...

— "பௌர்ணமின்னா நான் தோசக்கல்லையே அணைச்சிடுவேன்மா. ஒரு தோசைக்கு நிக்கிற நேரத்துல பத்துப் பேரு பொங்கல் சாப்டு எழுந்துடுவான். நீயும் உன் தோசக்கல்ல அணை"ன்னேன். அணைச்சதும் ஓடுச்சில்ல?

— ஆஃபரு, படம் எல்லாத்தையும் நிறுத்தினதும் ஓடுச்சு. மறுநாள்லேர்ந்து வேங்கிக்கால்ல நம்ம ஆபீஸ் முழுக்க அதே பேச்சுதான். கூட்டம் ஏறும்போது எது வேலைய இழுக்குதோ அது தோசக்கல்லு. எங்கிட்டேர்ந்து வேலை மாறிப் போனவங்க அத சென்னைக்குக் கொண்டு போயிட்டாங்க.

— எம் பேச்சு பஸ் ஏறி சென்னைக்கே போயிருக்கு, பாத்துக்க. நெஞ்சு நெறஞ்சு போச்சும்மா. மாஸ்டர், தங்கச்சிக்கு நெய் ஜாஸ்தியா ஊத்தி ஒரு ரோஸ்ட்டு.

— இருண்ணா. அவரு எத அணைக்கச் சொன்னாருன்னு நீ கேக்கவே இல்லையே.

— எத?

— வேங்கிக்கால் ஆபீஸ. "உங்க கம்பெனிய நாங்க வாங்கிக்கிறோம், நீங்க மட்டும் சென்னைக்கு வந்துடுங்க, அந்த ஆபீஸ் வெறும் தோசக்கல்லு"ன்னாரு.

— அங்க இருக்கிறது எல்லாம் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் புள்ளைங்களாச்சே. வீட்டுல சண்ட போட்டுப் படிச்சு வேலைக்கு வந்ததுங்கம்மா.

— அதான் சொன்னேன், "சார், வார்த்தைய கத்துக்கிட்டீங்க. ஆனா எது தோசக்கல்லு, எது பொங்கல் அண்டான்னு உங்களுக்குத் தெரியல. என் ஆபீஸ் பொங்கல் அண்டா, கூட்டத்துக்கே சோறு போடறது அதான்"னு.

— சொல்லிட்டு?

— கையெழுத்துப் போடாம பஸ் ஏறிட்டேன்.

— அடிப்பாவி. நீ மீட்டிங்குக்குக் கெளம்பினப்பவே பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பூ மார்க்கெட் வரைக்கும், எந்தங்கச்சி கம்பெனிய சென்னைக்காரன் வாங்கிட்டான்னு சொல்லி வெச்சிருக்கேனே.

— கோவமாண்ணா?

— கோவமா? நாளைக்கு இன்னொரு சுத்துப் போவணும்மா. வாங்க வந்தாங்க, எந்தங்கச்சி குடுக்கலன்னு சொல்லணுமில்ல.