சின்னமனூரைத் தாண்டிப் போகச் சொன்னது நான்தான்

தேனி மாவட்டம், ஓடைப்பட்டி காவல் நிலையத்தில், சார்பு ஆய்வாளர் மலைச்சாமி அவர்கள் முன்பாக, சின்னமனூர் பெருமாள் கோவில் தெருவில் குடியிருக்கும், காலஞ்சென்ற கருத்தக்கண்ணன் என்பவரின் மகள் அனுசுயா, வயது 51, தாமாகவே நேரில் வந்து கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்கண்ட முகவரியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். எனக்குத் திருமணம் ஆகவில்லை. தேனி அல்லிநகரத்தில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்யும் ஒரு கடையில் பில் போடும் வேலை பார்த்து வருகிறேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எனக்கு ஒரே அண்ணன், பெயர் சங்கரலிங்கம், போடியில் குடும்பத்துடன் இருக்கிறார். என் தாயார் சோணையம்மாள் பக்கவாதம் வந்து பல வருடங்களாகப் படுக்கையில் இருந்தார். பகலில் சம்பளத்துக்கு ஓர் அம்மாள் பார்த்துக்கொண்டார், மற்ற நேரமெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். தாயார் கடந்த மாசி மாதம் இறந்துவிட்டார். காரியம் முடிந்ததும் அந்த அம்மாள் வேறு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, தாயாருக்காகத் தேனியில் ஒரு மருந்துக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலையும் சக்கர நாற்காலியையும் லோடு ஆட்டோவில் ஏற்றி, நானும் அதிலேயே போய்க் கடையில் ஒப்படைத்தேன். கடைக்காரர் கட்டிலைச் சரிபார்த்துவிட்டு, கம்பியில் கட்டியிருந்த பழைய சேலைத் துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். தாயார் பிடித்துக்கொண்டு எழுவதற்காக நான் கட்டி வைத்தது அது. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சனிக்கிழமை என்பதால் குச்சனூர் கோவிலுக்குப் போகும் கூட்டம் அதிகமாக இருந்து பஸ்ஸில் ஏற முடியவில்லை. ஆகவே என் செல்போனில் உள்ள ஆப் மூலமாகச் சின்னமனூருக்கு ஒரு வாடகைக் கார் பதிவு செய்தேன். வந்த காரை ஓட்டியவர் பெயர் வேல்பாண்டி என்று ஆப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பு அவரை நான் பார்த்ததில்லை. அவர் ஓடைப்பட்டிக்காரர் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். வழியில் அவர் என்னிடம் தேவையில்லாமல் எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் வெளிச்சம் குறையும் நேரத்தில் கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. எதிர் வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்பாண்டி, "அக்கா, இந்த வீடுதானே?" என்று கேட்டார். நான், "இதுதான் தம்பி. ஆனா நான் எறங்கல. இன்னுங் கொஞ்ச தூரம் போங்க" என்று சொன்னேன்.

"எங்கன போகணும்க்கா?"

"எங்கனயாச்சும் போங்க. சேத்துக் குடுத்துர்றேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். ஆப்பில் இடத்தை மாற்றிப் போடச் சொன்னார். எனக்கு அதை மாற்றத் தெரியவில்லை. அதற்கு அவர், "அப்பச் சரி, டிரிப்ப முடிக்காம வைக்கிறேன். ஒரு சுத்து சுத்திட்டு இங்கனயே கொண்டாந்து விட்டுர்றேன். எங்க ஊர் ரோட்டுல போவோம்க்கா, ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், காத்து நல்லா வரும்" என்று சொல்லி, காரைத் திருப்பி சீப்பாலக்கோட்டை ரோட்டில் ஓட்டினார். நான் சம்மதித்துத்தான் போனேன். வற்புறுத்தல் எதுவும் இல்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். அதன் பிறகு நான் தூங்கிவிட்டேன். தாயார் படுக்கையில் விழுந்த பிறகு நான் முழுதாகத் தூங்கியது கிடையாது. சத்தம் கேட்டு எழுந்து எழுந்து, அவர் போன பிறகும் அதே பழக்கமாக இருந்தது. அன்று காருக்குள் எப்படித் தூங்கினேன் என்று தெரியவில்லை.

ஆகையால் விபத்து நடந்த விதத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. விழித்த பிறகு பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ரோட்டில் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருந்தது. அதில் திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகிற கல்தூண்களை ஏற்றியிருந்தார்கள். தூண்கள் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் விளக்கோ சிவப்புத் துணியோ இல்லை. காரின் முன்பக்கம் வலதுபுறம் முழுவதும் நசுங்கியிருந்தது. எனக்கு வலது தோள்பட்டை எலும்பு முறிந்து கையைத் தூக்க முடியவில்லை. வேல்பாண்டியின் கால் கீழே மாட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்ப முடியாமல் கண்ணாடி வழியாகவே, "அக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார். நான் ஒன்றும் இல்லை என்றேன். அதன் பிறகு அவர், "யார் கேட்டாலும் நாந்தான் வழி மாறி வந்துட்டேன்னு சொல்லிருங்க. நீங்க தூங்கிட்டீக, ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஊர் வாய் ஒரு மாதிரிப் பேசும்க்கா" என்று சொன்னார். வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவர் எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள் ஓடி வந்து கதவை நெம்பி எங்களை வெளியே எடுத்து, ஆம்புலன்சில் ஏற்றித் தேனிக்கு அனுப்பி வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். என் அண்ணன் வந்திருந்தார். காவலர் வந்து விசாரித்தபோது அண்ணனே பதில் சொன்னார், நான் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அதில் எழுதியிருந்ததை நான் படித்துப் பார்க்கவில்லை. அண்ணன் அன்று சாயங்காலமே போடிக்குத் திரும்பிவிட்டார். நர்ஸ் ஒவ்வொரு முறை வரும்போதும் கூட இருப்பவர் யார் என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மருமகள்தான் எனக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்தேன். எதிர் வீட்டு அம்மாள் உடம்பை விசாரிக்க வந்து, பேச்சோடு பேச்சாக, "அன்னைக்குக் காரு வாசல்ல நின்னுட்டு அப்படியே போயிருச்சே. ஓட்டிட்டு வந்தது யாரு, ஒனக்குத் தெரிஞ்ச பயலா?" என்று கேட்டார். அவர் கொண்டு வந்த குழம்பை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

சித்திரை மாதத் தொடக்கத்தில், இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரிக்க வந்திருப்பதாகச் சொல்லி வினோத்ராஜ் என்பவர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். எனக்கு உரிய இழப்பீடு காரின் இன்சூரன்சில் தனியாக வந்துவிடும் என்று சொன்னார். அதன் பிறகு டைப் செய்த ஒரு தாளை எடுத்துக் கையெழுத்துக் கேட்டார். நான் படித்துப் பார்த்தேன். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் ஓட்டுநர் என் விருப்பமில்லாமல், தன் சொந்த ஊரை நோக்கிக் காரை ஓட்டிச் சென்றார் என்று அதில் இருந்தது. இதில் கையெழுத்துப் போட்டால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"டிரைவருக்கு ஆப் கம்பெனி போட்டிருக்கற ஆக்சிடென்ட் பாலிசி தனி, மேடம். பயணி சொன்ன டிரிப்புல இருந்தாத்தான் அது செல்லும். இவர் தன்னோட வேலையா தன்னோட ஊருக்குப் போயிருக்கார். அவரே அப்படித்தான் சொல்லியிருக்கார்."

"அவரே சொன்னாரா?"

"அவரே சொன்னார் மேடம். ஒரு தடவை இல்ல, கேட்டப்பல்லாம்."

அப்போதுதான், காருக்குள் மாட்டிக்கொண்டு அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. நான் கையெழுத்துப் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஓடைப்பட்டிக்குப் போய், விசாரித்து வேல்பாண்டியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். நான் விசாரணைக்கு வந்தவரைப் பற்றிச் சொன்னேன். "விடுங்கக்கா, அது போற வழிக்குப் போகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவருடைய மனைவி உமாதேவி என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் கிளம்பியபோது தெரு முனை வரைக்கும் கூட வந்தார். அங்கே நின்று, "இத்தன வருசமா வண்டி ஓட்டுற மனுசன், சின்னமனூர்ல வழி தவறிட்டாகளாம். எங்கிட்டயும் அதத்தான் சொல்றாக. நான் நம்பணுமாம். ஒரு பொம்பளய வண்டியில வச்சுக்கிட்டு எங்க ஊருப் பக்கம் எதுக்கு வந்தாக? நீங்களாச்சும் உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டார். சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"நாந்தான் போகச் சொன்னேன். எனக்கு வீட்டுக்குள்ள போகப் பிடிக்கல."

"வீட்டுல ஏதும் சண்டையா?"

"சண்ட போட ஆள் இல்லம்மா. எங்கம்மா செத்துப் போச்சு. நான் மட்டுந்தான்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

உமாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத எழுதிக் குடுப்பீகளா?" என்று கேட்டார். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். பஸ் வரும் வரைக்கும் அவர் என்னோடு நின்றார்.

மறுநாள் இந்த விவரத்தை அண்ணனிடம் போனில் சொன்னேன். அவர், "ஒத்தையில இருக்கிற பொம்பள, டிரைவரப் பாத்து எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போன்னு சொன்னேன்னு எழுதிக் குடுத்தா, அத நாலு பேர் முன்னால வாசிப்பாக. எம் மகளுக்கு மாப்பிள்ள பாக்குறது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப வாய மூடிக்கிட்டு இரு" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு நான் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அண்ணன் மேல் நான் புகார் எதுவும் சொல்லவில்லை. அவர் என்னோடு பேசாமல் இருப்பது ஏன் என்பதைத் தெரிவிப்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு வினோத்ராஜுக்குப் போன் செய்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும், நடந்தது வேறு என்றும் சொன்னேன். அவர், இதைக் காவல் நிலையத்தில் வாக்குமூலமாகக் கொடுத்தால், வேல்பாண்டியின் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கம்பெனி மறுபடியும் எடுத்துப் பார்க்கும் என்றும், முடிவு எப்படி வரும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதன் பேரில்தான் இன்று இங்கே வந்தேன். வீட்டுக்கு வந்தே விசாரிப்பதாக சார்பு ஆய்வாளர் போனில் சொன்னார். நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போலீஸ் வண்டி வந்து வாசலில் நிற்பதைவிட இது பரவாயில்லை என்று தோன்றியது.

எந்தக் காரியமாகப் போகச் சொன்னீர்கள் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். சொந்த வேலையாக என்று எழுதிக்கொள்ளட்டுமா, அது உங்களுக்கும் நல்லது என்றும் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வேலை என்று எழுதினால் என்ன வேலை என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். எனக்கு அன்று எந்த வேலையும் இல்லை. அதுதான் காரணம். இத்தனை வருடமாக நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு ஓடித்தான் வந்திருக்கிறேன். தாயாருக்குத் துணி மாற்ற வேண்டும், கஞ்சி ஊற்ற வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது தெருவுக்கே கேட்கும். அன்று கட்டிலையும் கொடுத்துவிட்டு வந்தேன். கார் நின்றது. இப்போதே இறங்கினாலும் விடிந்து இறங்கினாலும் உள்ளே யாருக்கும் எந்த வித்தியாசமும் கிடையாது என்று தோன்றியது. இறங்க முடியவில்லை. போக வேண்டிய இடம் என்று என் மனதில் எதுவும் இல்லை. என் பேச்சைக் கேட்டு ஓட்டியதைத் தவிர வேல்பாண்டி எந்தத் தவறும் செய்யவில்லை. நான் போகச் சொன்னதிலிருந்து விபத்து நடந்தது வரைக்கும் நான் அவருடைய பயணியாகத்தான் இருந்தேன். அவருக்கும் எனக்கும் வேறு பழக்கம் எதுவும் கிடையாது. என் பெயர் கெடக் கூடாது என்பதற்காக அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நான் கையெழுத்துப் போட்டதில் இதற்கு மாறாக எதுவும் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு, இதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வரும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார். யாரும் இல்லை. பகலில் வந்தால் வீடு பூட்டியிருக்கும். சாயங்காலம் பஸ் வந்த பிறகு எந்த நாள் வந்தாலும் நான் இருப்பேன். கதவைத் தட்டினால் போதும்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இவை அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நானும் ஒரு முறை படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், முழு நினைவோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
க. அனுசுயா

என் முன்பாக,
(ஒப்பம்)
மலைச்சாமி
சார்பு ஆய்வாளர்